காணாமல் போனதா, தின்னப்பட்டதா?

இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் உள்ள பிளிமத் பல்கலைக்கழகத்தில் இமோஜன் நேப்பர், ரிச்சர்ட் தாம்சன் என்ற இரு கடல் ஆய்வாளர்கள், கடைகளில் தரும் பைகளில் ஐந்து வகையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்று வழக்கமான பாலித்தீன். மற்ற நான்கும் மக்கும், சிதையும், உரமாகும் என்று ஏதோ ஒரு வாக்குறுதியோடு விற்கப்பட்டவை. சில பைகளைத் திறந்தவெளியில் கட்டினார்கள். சிலவற்றை மண்ணில் புதைத்தார்கள். இன்னும் சிலவற்றைக் கடல்நீரில் மூழ்கவிட்டார்கள். மூன்று ஆண்டு கழித்து மண்ணிலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்த 'மக்கும்' பையில் மளிகைச் சாமான்களை நிரப்பித் தூக்கிப் பார்த்தார்கள். பை அறுந்து விழவில்லை. 2019இல் வெளிவந்த அந்த ஆய்வு உலகச் செய்தியானது.

செய்திகளில் பெரிதாகப் பேசப்படாத வேறு முடிவுகளும் அந்த ஆய்வில் இருந்தன. 'உரமாகும்' வகைப் பை கடலில் மூன்றே மாதத்தில் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அதே வகைப் பை மண்ணில் 27 மாதத்துக்குப் பிறகும் கிடந்தது; பாரம் ஏற்றியபோதுதான் கிழிந்தது. திறந்தவெளியில் இருந்த பைகளோ, பாலித்தீன் உட்பட அத்தனையும், ஒன்பது மாதத்தில் சிதறித் துண்டுதுண்டாகிவிட்டன.

ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு கதி. மக்கும் பிளாஸ்டிக்கைப் பற்றிக் குழந்தைகளிடம் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை.

நம் பள்ளிகளில் இந்தப் பாடம் இரண்டு கூடைகளோடு முடிந்துவிடுகிறது. மக்கும் குப்பை பச்சைக் கூடையில், மக்காத குப்பை நீலக் கூடையில். ஐந்து வயதுக்கு அது போதும். பத்து வயதுக் குழந்தை, கடையில் தந்த 'மக்கும் பை'யைக் கையில் வைத்துக்கொண்டு இதை எந்தக் கூடையில் போடுவது என்று கேட்டால் அது போதாது. மக்குவது பொருளின் குணத்தை மட்டும் பொறுத்ததல்ல. அந்தப் பொருளைத் தின்னத் தெரிந்த உயிர் அங்கே இருக்க வேண்டும். சூடும் ஈரமும் காற்றும் அதற்கு ஒத்துவர வேண்டும். காலமும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மக்கும் பொருள் மக்காத பொருளாகிவிடுகிறது. இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். செய்து பார்க்கவைப்பது எளிது.

தின்பவர் யார் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். நல்ல தோட்ட மண் ஒரு கிராமில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கும். அவற்றுக்கு நடுவே பூஞ்சைகளின் இழைகள் ஓடும். இவற்றில் எதற்கும் வாயோ வயிறோ கிடையாது. உணவை உடம்புக்கு வெளியிலேயே செரித்து, கரைந்து வந்ததை உறிஞ்சிக்கொள்கின்றன. அந்தச் செரிமானத்துக்காக அவை வெளியே விடும் புரதங்கள்தான் நொதிகள். குழந்தைகள் இதைத் தங்கள் வாயிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு வாய் சோற்றை விழுங்காமல் இரண்டு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் மெல்ல இனிக்கத் தொடங்கும். எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைத்துச் சர்க்கரையாக்கியதன் இனிப்பு அது. மண்ணிலுள்ள எத்தனையோ பாக்டீரியாக்களும் இதே வகை நொதியை வெளியிடுகின்றன.

அதையும் கண்ணால் பார்க்கலாம். இனிப்பு செய்ய வாங்கும் கடல்பாசியைத் தண்ணீரில் காய்ச்சி, அதில் ஒரு சிட்டிகை சோளமாவைக் கலந்து கொதிக்கவிட்டு, சுத்தமான தட்டையான மூடியில் ஊற்றி உறையவைக்க வேண்டும். அதன்மேல் தோட்டத்து மண் நாலைந்து பருக்கைகளைத் தூவி, மூடி, இரண்டு நாள் விட்டுவிட வேண்டும். பிறகு பெரியவர் ஒருவர் அதன்மேல் நீர்த்த அயோடின் கரைசலை ஊற்றட்டும். மாவுச்சத்து இருக்கும் இடமெல்லாம் கருநீலமாகும். மண் பருக்கைகளைச் சுற்றி மட்டும் நிறமேறாத வட்டங்கள் தெரியும். பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாது. அது தின்று முடித்த பரப்பு தெரியும். நொதி அதன் உடம்பை விட்டு வெளியே போய் வேலை செய்திருக்கிறது என்பதற்கு இந்த வட்டம்தான் சாட்சி. மூடியை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது, விரலால் தொடக் கூடாது. பார்த்து முடிந்ததும் பிளீச்சிங் கரைசலை ஊற்றி அப்புறப்படுத்த வேண்டும்.

இனி பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்வோம். எந்தப் பிளாஸ்டிக்கும் சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நிற்கும் நீண்ட தொடர்தான். அவ்வளவு நீளமான ஒன்று பாக்டீரியாவின் செல்லுக்குள் நுழைய முடியாது. வெளியிலேயே அதை வெட்டியாக வேண்டும். வெட்டுவதற்கு நொதிக்குப் பிடி வேண்டும். பாலித்தீன் முழுக்க கார்பனோடு கார்பன் சேர்ந்த தொடர். அதில் நொதி பிடிக்கத் தோதான இடமே இல்லை. மக்கும் பிளாஸ்டிக் பெரும்பாலானவற்றில் இடையிடையே எஸ்டர் என்ற பிணைப்பு உண்டு. ஆக்சிஜன் கலந்த அந்தப் பிணைப்பில் தண்ணீரும் நொதியும் கைவைக்க முடியும்.

வகுப்பில் இதை விளையாட்டாகவே நடத்தலாம். பத்துக் குழந்தைகள் ஒருவர் கையை ஒருவர் இறுகப் பற்றி ஒரு வரிசையாக நிற்கட்டும். இன்னொரு பத்துப் பேர் நேராகக் கைபிடிக்காமல், இரண்டு பேருக்கு நடுவே ஒரு கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். முதல் வரிசை பாலித்தீன், இரண்டாவது வரிசை எஸ்டர் பிணைப்புள்ள பாலியெஸ்டர். இருவர் நொதிகள். நொதிக்கு ஒரே விதி: கைக்குட்டையை உருவலாம், கையைத் தொடக் கூடாது. வகுப்பின் கதவுதான் பாக்டீரியாவின் செல் சுவர். ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் நுழையலாம். சில நிமிடத்தில் இரண்டாவது வரிசை முழுக்க உள்ளே போய்விடும். முதல் வரிசை நின்ற இடத்திலேயே நிற்கும். நொதிக்குப் பலம் போதாததால் பாலித்தீன் மிஞ்சவில்லை, பிடி இல்லாததால் மிஞ்சியது என்பது குழந்தைகளுக்குத் தானாகப் புரிந்துவிடும்.

அடுத்த கேள்வியும் உடனே வரும். பிளாஸ்டிக் வந்து நூறு ஆண்டுதானே ஆகிறது, அதற்குள் பாக்டீரியாவுக்கு இந்தக் கைக்குட்டையை உருவ யார் கற்றுக்கொடுத்தது?

இந்தப் பாடத்திலேயே மிக அழகான பகுதி அதற்கான விடைதான். பாலியெஸ்டரை மனிதன் முதலில் செய்யவில்லை, செடிகள் செய்தன. வாழையிலையைத் தடவினால் கையில் படும் வழவழப்பான மேல்தோலில் மெழுகோடு க்யூட்டின் என்ற பொருளும் இருக்கிறது. நிலத்தில் வாழும் செடிகள் உடம்பில் உள்ள தண்ணீர் வற்றிவிடாமல் காக்கப் போட்டுக்கொண்ட உறை அது. வேதியியல்படி அதுவும் எஸ்டர் பிணைப்பு கொண்ட ஒரு பாலியெஸ்டர். இலையைத் தாக்கும் பூஞ்சைகளும், விழுந்த இலையைத் தின்னும் பாக்டீரியாக்களும் அந்த உறையைத் துளைத்தால்தான் உள்ளே போக முடியும். அதற்காக அவை கோடிக்கணக்கான ஆண்டுகளாக க்யூட்டினேஸ் என்ற நொதியைத் தீட்டி வைத்திருக்கின்றன. ஆலையில் செய்த பாலியெஸ்டர் படலம் மண்ணில் விழும்போது, இலைத்தோலுக்காக வைத்திருந்த அதே நொதி அதன்மேலும் வேலை செய்துவிடுகிறது. பாலித்தீனுக்கு இயற்கையில் இப்படியொரு முன்னோடி இல்லை என்றே சொல்லலாம். அது 1933இல் இங்கிலாந்தின் நார்த்விச்சில் ஓர் ஆய்வகத்தில் எதிர்பாராமல் கிடைத்த பொருள்.

இது வெறும் ஊகமும் அல்ல. ஜப்பானில் இலைதழை உரக் குவியல் ஒன்றிலிருந்து எடுத்த மரபணுவின் வழியாக 2012இல் ஒரு க்யூட்டினேஸ் கண்டறியப்பட்டது. பிரான்சின் கார்பியோஸ் நிறுவனமும் துலூஸ் ஆய்வாளர்களும் அதைச் செப்பனிட்டு, 72 டிகிரி செல்சியஸ் சூட்டில் பத்து மணி நேரத்துக்குள் தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் பிளாஸ்டிக்கின் 90 சதவீதத்தை அதன் மூலப்பொருள்களாக உடைத்துக் காட்டினார்கள். 2020இல் வந்த முடிவு அது. அதற்கான நொதி கிடைத்த இடம் ஒரு சருகுக் குவியல் என்பதைக் குழந்தைகளிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பாக்டீரியா பிளாஸ்டிக்கைத் தின்பதோடு நிற்பதில்லை. பிளாஸ்டிக்கைத் தயாரிக்கவும் செய்கிறது. பிரான்சின் பாஸ்டர் நிறுவனத்தில் மொரீஸ் லெமுவான் 1920களின் நடுவில் ஒரு மண் பாக்டீரியாவின் உடலுக்குள் இருந்த கொழுப்புத்துளி போன்ற பருக்கைகளை ஆராய்ந்தார். அவை பிஎச்பி என்ற பாலியெஸ்டர். உணவு மிகுந்த காலத்தில் ஒட்டகம் திமிலில் சேர்த்து வைப்பதுபோல் பாக்டீரியா இதைச் சேமிக்கிறது, பஞ்ச காலத்தில் எடுத்து உண்கிறது. சில வகைகளில் உலர்ந்த எடையில் எண்பது சதவீதம் வரை இந்தப் பிளாஸ்டிக்தான். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் இதன் வகையொன்றை பயோபோல் என்ற பெயரில் தயாரித்தது. 1990இல் ஜெர்மனியில் அதில் செய்த ஷாம்பூ பாட்டில்கள் விற்பனைக்கு வந்தன. விலை கட்டுப்படியாகாததால் அது பரவவில்லை. ஆனால் மண்ணிலும் நீரிலும் இதைத் தின்னத் தெரிந்த உயிர்கள் எங்கும் இருக்கின்றன. ஒரு பாக்டீரியா இறந்தால் அதன் சேமிப்பு அடுத்ததற்கு விருந்து.

வீட்டிலேயே செய்யக்கூடிய மக்கும் படலம் மாவுச்சத்தில் வரும். ஒரு மேசைக்கரண்டி சோளமாவு, நாலு மேசைக்கரண்டி தண்ணீர், வினிகரும் கிளிசரினும் ஒவ்வொரு தேக்கரண்டி. சிறு தீயில் விடாமல் கிளறினால் வெண்மை மறைந்து கெட்டிக் கூழாகும். தட்டில் மெல்லிதாகப் பரப்பி இரண்டு நாள் காயவிட்டால் உரித்தெடுக்கலாம். சேலத்து ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் மாவிலும் இது வரும். இஸ்தான்புல்லைச் சேர்ந்த எலிஃப் பில்கின் என்ற பதினாறு வயதுப் பெண் வாழைப்பழத் தோலிலிருந்து இப்படிப் பிளாஸ்டிக் செய்ய இரண்டு ஆண்டு உழைத்தார். பல முறை தோற்றபின் பலித்த அந்த முயற்சிக்கு 2013இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் பரிசு கிடைத்தது. மாவுப் படலம் தண்ணீர் பட்டால் ஊறிவிடும், சீக்கிரம் கிழியும். உறுதியாக இருப்பதும் எளிதில் மக்குவதும் ஒரே பொருளில் சேர்வது எவ்வளவு கடினம் என்பதைக் குழந்தை தன் விரலால் தெரிந்துகொள்ள அந்தப் படலம் போதும்.

இந்த இரண்டையும் சேர்க்க முயன்ற பிளாஸ்டிக்குகளில் இன்று பரவலானது பிஎல்ஏ. தெளிவான குளிர்பானக் கோப்பைகளும் சில உறிஞ்சுகுழல்களும் அதில் வருகின்றன. அதன் அடிப்படை லாக்டிக் அமிலம். தயிருக்கும் புளித்த தோசை மாவுக்கும் புளிப்பைத் தருவது அதுதான். மக்காச்சோளத்தின் சர்க்கரையை பாக்டீரியாவைக் கொண்டு புளிக்கவைத்து அமிலமாக்கி, அந்த அமிலத்தைத் தொடராகக் கோத்தால் பிஎல்ஏ. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பிளேர் என்ற ஊரில் 2002இல் இதற்குப் பெரிய ஆலை தொடங்கியது.

தயிரில் இருக்கும் அமிலம்தானே, மண்ணில் போட்டால் ஓரிரு மாதத்தில் போய்விடும் என்று எல்லாரும் நினைப்பார்கள். போகாது. பூந்தொட்டியில் புதைத்த பிஎல்ஏ கோப்பை அடுத்த ஆண்டும் கோப்பையாகவே வெளியே வரும். ஏறக்குறைய 60 டிகிரிக்குக் கீழே அதன் தொடர்கள் அசையாமல் விறைத்து நிற்கின்றன. தண்ணீர் உள்ளே புகுந்து பிணைப்புகளை உடைப்பது மிக மெதுவாகவே நடக்கும். அந்தச் சூட்டைத் தாண்டினால் தொடர்கள் நெகிழ்கின்றன. முதலில் தண்ணீர் அவற்றைத் துண்டாக்குகிறது, பிறகு நுண்ணுயிர்கள் அந்தத் துண்டுகளைத் தின்கின்றன. வகுப்பில் ஆசிரியர் ஒரு பிஎல்ஏ கோப்பையில் நன்கு சூடான நீரை ஊற்றிக் காட்டினால், கோப்பை துவண்டு சாய்வதைக் குழந்தைகள் பார்க்கலாம். வேதியியல் புத்தகத்தில் பக்கம்பக்கமாக எழுதியிருப்பது அங்கே ஒரு நிமிடத்தில் விளங்கும். நுண்ணுயிரே இல்லாமல் தண்ணீர் மட்டும் இந்த வேலையைச் செய்வதும் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் பிரிக்கத் தேவையில்லாத தையல் நூல் பிஎல்ஏவின் நெருங்கிய உறவினர்தான். உடம்பின் ஈரமே அதைச் சில வாரங்களில் உடைத்துவிடுகிறது.

60 டிகிரி சூடு எங்கே கிடைக்கும்? பெரிய உரக் குவியலின் நடுவில் கிடைக்கும். அந்தச் சூட்டை உண்டாக்குவதும் நுண்ணுயிர்கள்தான். தின்னும்போது அவை விடும் வெப்பம் குவியலுக்குள் தங்கிச் சேர்கிறது. தொட்டி சின்னது, அதன் வெப்பம் உடனே காற்றில் போய்விடும். அதனால்தான் உரமாகும் பிளாஸ்டிக்கைச் சோதிக்கும் பன்னாட்டு முறைகள் 58 டிகிரியில் நடக்கின்றன. அந்தச் சூட்டில் ஆறு மாதத்துக்குள் பொருளின் கார்பனில் 90 சதவீதம் கரியமில வாயுவாக வெளியேறியாக வேண்டும். மீதியைத் தின்ற உயிர்கள் தங்கள் உடம்பாக்கிக்கொள்கின்றன.

அந்த அளவுகோலை ஆசிரியர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். எவ்வளவு மறைந்தது என்று அது கேட்கவில்லை, எவ்வளவு வாயுவாக வந்தது என்று கேட்கிறது. பாலித்தீனில் கோபால்ட், மாங்கனீஸ் போன்ற உலோக உப்புகளைக் கலந்து, வெயிலில் சீக்கிரம் நொறுங்கும்படி செய்த பைகள் ஒரு காலத்தில் 'மக்கும்' என்ற பெயரில் உலகெங்கும் விற்றன. அவை நொறுங்கின, கண்ணுக்கு மறைந்தன. ஆனால் நுண்துகள்களாக மண்ணில் தங்கின. ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் சட்டம் இயற்றி, 2021 ஜூலை முதல் அவற்றை விலக்கியது. சரியான முடிவு அது. காணாமல் போவதையும் தின்னப்படுவதையும் ஒன்றாகச் சொல்லிக் குழந்தைகளை நம்பவைப்பது பெருந்தவறு.

தின்னப்பட்டதை எப்படி நிரூபிப்பது? சூரிச்சின் ஈடிஎச் ஆய்வாளர்கள் 2018இல் அதற்கு ஒரு தெளிவான வழி காட்டினார்கள். உரமாகும் பைகளில் கலக்கும் பிபிஏடி என்ற பிளாஸ்டிக்கை, சற்றே எடை கூடிய கார்பன்-13 கொண்டு தயாரித்தார்கள். அதை மண்ணில் ஆறு வாரம் வைத்தபின் அந்த அடையாளக் கார்பன் எங்கே போயிற்று என்று தேடினார்கள். ஒரு பகுதி கரியமில வாயுவில் இருந்தது. இன்னொரு பகுதி, படலத்தின்மேல் படர்ந்த பூஞ்சை இழைகளின் உடம்புக்குள்ளேயே இருந்தது. பிளாஸ்டிக் உயிராக மாறியதற்கான நேரடிச் சான்று அது.

பள்ளியில் கார்பன்-13 கிடைக்காது. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கிடைக்கும். பெரியவர் ஒருவர் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கி, இரவு முழுக்கத் தெளியவிட்டு, மேல்நீரை வடிகட்டித் தரட்டும். கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தைகள் தாங்களே கையாளக் கூடாது. அகன்ற வாய்ப் பாட்டில்கள் மூன்றில் ஒரே அளவு ஈரமண். ஒன்றில் மாவுப் படலத் துண்டுகளைப் புதைக்க வேண்டும், இன்னொன்றில் பாலித்தீன் துண்டுகளை. மூன்றாவதில் மண் மட்டும். ஒவ்வொன்றுக்குள்ளும் சுண்ணாம்புத் தெளிநீர் நிறைந்த சிறு கிண்ணத்தை வைத்து இறுக மூடிவிட வேண்டும். மாவுப் படலம் இருக்கும் பாட்டிலில் தெளிநீர் முதலில் பால்போல் கலங்கும். மண் மட்டும் உள்ள பாட்டிலும் மெதுவாகக் கலங்கும், ஏனென்றால் மண்ணே மூச்சு விடுகிறது. பாலித்தீன் பாட்டில் அதையொட்டியே இருக்கும். மூன்றாவது பாட்டில் எதற்கு என்று குழந்தை தானே விளக்கிச் சொல்லும் நாளில் அறிவியல் முறையின் பாதியைக் கற்றுவிட்டது என்று கொள்ளலாம்.

குழந்தைகள் செய்வது விளையாட்டுச் சோதனைதானே என்று ஒதுக்க வேண்டியதில்லை. மண்ணின் மக்கும் திறனை அளக்க, 2013இல் ஓர் எளிய முறை வெளியிடப்பட்டது. பச்சைத் தேயிலைப் பை ஒன்றும் ரூயிபோஸ் என்ற தென்னாப்பிரிக்கச் செடியின் தேநீர்ப் பை ஒன்றும் எட்டு சென்டிமீட்டர் ஆழத்தில் 90 நாள் புதைக்கப்படும். எடுத்துக் காயவைத்து எடை பார்த்தால் போதும். சுவீடனில் 2015இல் பள்ளிப் பிள்ளைகள் நாடு முழுக்க இதைச் செய்து ஆய்வாளர்களுக்குத் தரவு அனுப்பினார்கள். சுவிட்சர்லாந்தில் 2021இல் ஏறக்குறைய ஆயிரம் இடங்களில் பொதுமக்கள் வெள்ளைப் பருத்தி உள்ளாடைகளைப் புதைத்தார்கள். ஒரு மாதத்தில் ஒன்று, இரண்டு மாதத்தில் இன்னொன்று தோண்டப்பட்டது. உயிர்ப்பான மண்ணில் இடுப்பு நாடாவும் தையலும்தான் மிஞ்சின. பிரிட்டனில் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி நடத்திய மக்கள் சோதனை, வீட்டு உரத்தொட்டியில் மக்கும் என்று விற்ற பிளாஸ்டிக்குகளில் 60 சதவீதம் முழுதாக மக்கவில்லை என்று 2022இல் காட்டியது. ஆய்வகத்தில் மட்டும் சோதித்திருந்தால் இந்த உண்மை வெளியே வந்திருக்காது.

'பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா' என்ற தலைப்பைக் குழந்தைகள் எங்காவது படித்துவிட்டு வருவார்கள். அப்போது இரண்டு பேரைப் பற்றிச் சொல்லலாம். கனடாவின் வாட்டர்லூவில் டேனியல் பர்ட் என்ற பள்ளி மாணவர், குப்பைக் கிடங்கு மண்ணிலிருந்து நுண்ணுயிர்களைப் பிரித்து வளர்த்து, பாலித்தீனின் எடையை ஆறு வாரத்தில் 43 சதவீதம் குறைத்ததாகக் காட்டி 2008இல் தேசிய அறிவியல் கண்காட்சியில் முதல் பரிசு பெற்றார். இன்னொருவர் ஜப்பானின் ஷோசுகே யோஷிடா. ஒசாகாவை அடுத்த சகாய் நகரின் பெட் பாட்டில் மறுசுழற்சி ஆலையருகே 250 மாதிரிகள் சேகரித்துத் தேடிய குழுவைச் சேர்ந்தவர். அவர்கள் கண்ட ஐடியோநெல்லா சகாயென்சிஸ் என்ற பாக்டீரியா, மெல்லிய பெட் படலத்தை 30 டிகிரியில் ஆறு வாரத்தில் உடைத்துத் தின்றது. 2016இல் உலகுக்குத் தெரியவந்த அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் தண்ணீர் பாட்டில் அந்தப் படலத்தைவிடத் தடித்தது, அதன் தொடர்கள் நெருக்கமாகப் படிந்தவை. அந்த பாக்டீரியாவுக்கு அது மிகவும் கடினமான தீனி. மாணவரின் சோதனைக்குப் பிறகும் பாலித்தீன் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. பாக்டீரியா எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. இந்தத் தேடலில் அவர்களும் சேரலாம் என்ற நம்பிக்கையைக் கொடுக்கலாம்.

மக்கும் பை போய்ச் சேரக்கூடிய இன்னோர் இடம் குப்பைமேடு. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற குப்பைமேடுகளின் அடியாழத்தில் காற்று கிடையாது. அங்கே வாழ்பவை வேறு வகை நுண்ணுயிர்கள். அவை மாவுப் பொருளையும் காகிதத்தையும் தின்று மீத்தேனை வெளிவிடும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அந்த வாயு பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கும் மேல் வலியது. பிஎல்ஏவோ அங்கே ஏறக்குறைய அப்படியே கிடக்கும். மக்கும் பை குப்பைமேட்டுக்குப் போனால் மக்கும் பையாக இருப்பதில் பயனே இல்லை.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை. அதற்குப் பிறகு 'மக்கும் பை' என்று அச்சிட்ட பைகள் கடைகளில் புழங்குகின்றன. முறையானவற்றில் ஐஎஸ்/ஐஎஸ்ஓ 17088 என்ற தர எண்ணும் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்று விவரமும் இருக்க வேண்டும். அந்தத் தரத்துக்கான சோதனைகளைச் செய்யும் நிறுவனங்களில் ஒன்று, 1968இல் சென்னையில் தொடங்கப்பட்ட சிப்பெட். குழந்தைகள் வீட்டுக்கு வரும் பைகளில் அந்த எண் இருக்கிறதா என்று தேடட்டும். இருந்தாலும் அது தரும் உறுதி சூடான உரக் குவியலுக்குத்தான். பள்ளித் தோட்டத்துக்கும் வாய்க்காலுக்கும் அல்ல. எங்கே, எத்தனை டிகிரியில், எத்தனை மாதத்தில் என்று தமிழில் பையிலேயே அச்சிடாதது பெரிய குறை. குப்பை பிரிக்கும் தொழிலாளிக்குப் பார்வையில் மக்கும் பையும் பாலித்தீன் பையும் ஒன்றுதான்; அவர் இரண்டையும் எடுத்து வெளியே போடுவார், போடத்தான் வேண்டும்.

ஆகவே ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரு பெரிய தொட்டியில் மண் நிரப்பி இந்தச் சோதனையைத் தொடங்குங்கள். வாழையிலைத் துண்டு, செய்தித்தாள், குழந்தைகள் செய்த மாவுப் படலம், தர எண் உள்ள மக்கும் பை, சாதாரண பாலித்தீன், கிழிந்த மஞ்சப்பையின் துண்டு ஆகியவற்றை ஒரே அளவாக வெட்டி, எடை பார்த்து, வெங்காய வலையில் தனித்தனியாகக் கட்டிப் புதையுங்கள். துணி என்று வாங்கிய பை பருத்தியா, நெய்யாத பாலிபுரொப்பிலீனா என்பதையும் மண் காட்டிக்கொடுத்துவிடும். குக்கரில் நெடுநேரம் ஆவியில் வேகவைத்து ஆறிய மண்ணில் இன்னொரு வாழையிலைத் துண்டையும் மூடி வையுங்கள். நுண்ணுயிர் குறைந்த மண்ணில் இலைக்கு என்ன ஆகிறது என்று தெரியும். வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர், மாதத்துக்கு ஒருமுறை தோண்டல். கையுறையோடு எடுத்து, உலர்த்தி, எடை பார்த்து, மண்ணின் சூட்டையும் அந்த மாதத்து மழையையும் நோட்டில் குறிக்க வேண்டும். மூன்று வாரத்தில் முடிவு சொல்லிவிடாதீர்கள். ஏப்ரல் வரை நடத்துங்கள். பிறகு அந்த நோட்டை அடுத்து அந்த வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் கொடுத்து, மிஞ்சிய வலைகளை அதே தொட்டியில் மறுபடி புதைக்கச் சொல்லுங்கள்.